ஆக்டிவ் கிட்டாருக்கு எந்த ஜாக்? பேரலா, ஓபனா, பி-38 போதுமா?

செக்காலை கிட்டார்:
வணக்கம். என்னிடம் இருப்பது இரண்டு ஆக்டிவ் பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும், பேட்டரியில் இயங்கும் பாகம்) உள்ள எலக்ட்ரிக் கிட்டார், 9 வோல்ட் பேட்டரி ஒன்று. ஜாக் (கேபிளின் பின்னைச் செருகும் இடம்), உடம்பின் ஓரத்தில் சாய்வாக உள்ளே போகும் பேரல், அதாவது குழாய் வகை. திருவிழாக் கச்சேரிகளில் பின் லேசாக அசைந்தாலே சத்தம் போய்ப் போய் வந்தது. ஒரு கடையில் கொடுத்தேன், ஜாக்கை மாற்றித் தந்தார்கள். சத்தம் இப்போது பிரமாதம். ஆனால் வாசிக்காமல் பையில் கிடந்தாலும் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. திறந்து பார்த்தால், பழைய ஜாக்குக்கு மூன்று கால், புதியதுக்கு இரண்டே கால். பேட்டரியின் கறுப்பு வயரும் எர்த் வயரும் ஒரே காலில் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. இதை மாற்றி எதைப் போடலாம்?

பள்ளத்தூர் பேஸ்:
அவர்கள் போட்டது இரண்டு கால் மோனோ ஜாக், தம்பி. ஆக்டிவ் கிட்டாரில் மூன்று கால் ஸ்டீரியோ ஜாக் வைப்பது ஸ்டீரியோ சத்தத்துக்காக இல்லை. அந்த மூன்று காலில் டிப் பின்னின் நுனியைத் தொடும், ரிங் அதற்கு அடுத்த இடத்தை, எர்த் அடிப்பகுதியான ஸ்லீவை. பேட்டரியின் நெகட்டிவ் ரிங் காலில் நிற்கும். மோனோ பின்னைச் செருகினால் அதன் நீளமான ஸ்லீவ் பகுதி ரிங்கையும் எர்த்தையும் சேர்த்துவிடும், அப்போதுதான் பிக்கப்புக்குக் கரண்ட் போகும். பின்னை உருவினால் ஆஃப். ஜாக்தான் ஸ்விட்ச், உங்களுக்கு அந்த ஸ்விட்சையே எடுத்துவிட்டார்கள். சாதாரண அல்கலைன் 9 வோல்ட் பேட்டரி சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி. உள்ளே இருக்கிற சர்க்யூட் 1 மில்லி ஆம்பியர் இழுத்தால் 500 மணி நேரம், அதாவது மூன்று வாரம். குறைவாக இழுக்கும் பிக்கப் என்றால் சில மாதம் தாங்கும், அவ்வளவுதான். 1948-ல் தொடங்கிய செக்ரி, பேட்டரி ஆராய்ச்சியும் செய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், இருக்கிற காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு பேட்டரியை இப்படிச் சாகடிக்கலாமா?

சுவிட்ச்கிராஃப்ட் 152பி வாங்குங்கள். ஸ்டீரியோ பேரல். மர வேலை வேண்டாம், பழைய துளையிலேயே உட்காரும்.

கண்டனூர் சால்டர்:
ஸ்டீரியோ என்பது சரி. பேரல் என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். பின்னைப் பிடிக்கும் தகடுகள் குழாய்க்குள் மறைந்து கிடக்கும். பிடி தளர்ந்தால் வளைத்துச் சரிசெய்ய வழியில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். அதே கம்பெனியின் 12பி ஓபன் ஜாக்கைப் பாருங்கள். தகடு கண்ணுக்குத் தெரியும். மூக்குப் பிளையரால் உள்பக்கமாக லேசாக அழுத்தினால் பழைய பிடி வந்துவிடும். துளையைப் பெரிதாக்கி, வெளியே ஒரு சின்ன உலோகத் தகடு வைத்து அதைப் போடுங்கள். நம் பக்கத்து ஆசாரிகளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

பள்ளத்தூர் பேஸ்:
ஆசாரி பர்மா தேக்கு நிலைக்கு உளி பிடிக்கிறவர் அண்ணே. கிட்டார் உடம்பு பெரும்பாலும் மெத்தென்ற மரம், மேலே கண்ணாடி மாதிரி கெட்டியான பூச்சு. துளையைப் பெரிதாக்கப் போனால் பூச்சு சில்லு சில்லாகப் பெயரும். ஓபன் ஜாக்கில் பின் நுழையும்போது டிப் தகடு பக்கவாட்டில் விரியும், அதற்கும் உள்ளே இடம் வேண்டும். ஒரு ஜாக்குக்காகக் கிட்டாரையே குடையச் சொல்கிறீர்கள்.

தேவகோட்டை மைக்செட்:
இரண்டு பேரும் கம்பெனிப் பெயர் சொல்லிச் சண்டை போடுகிறீர்கள். மேடைக்கு ஒலி போடுகிறவன் சொல்கிறேன், சத்தம் போய் வந்தால் நான் முதலில் பிடிப்பது கேபிளைத்தான். மலிவுப் பின்னில் டிப்பைப் பிடிக்கும் ஆணி தளர்ந்து ஆடும், அது வெளியே தெரியாது. ஜாக்குக்கு எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிற பி-38 ஸ்டீரியோ சாக்கெட் போதும். இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கச்சேரி நடுவில் போனால் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கா ஓடப் போகிறீர்கள்?

கண்டனூர் சால்டர்:
மைக்செட் அண்ணே, பேட்டரி இல்லாத கிட்டார் என்றால் உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. இங்கே ரிங் தகடு வழியாகத்தான் கரண்டே போகிறது. அது ஒரு நொடி விட்டாலும் பிக்கப் படுத்துவிடும். அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் சாக்கெட்டின் மரை மிகக் குட்டை, இவ்வளவு கனமான மரத்தைத் தாண்டி நட்டு பிடிக்காது. ஈயம் வைக்கும்போது இரும்பைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் கால் இளகி நகர்ந்தும் விடும்.

தம்பி, ஒன்று சொல்லுங்கள். பழைய ஜாக்கில் சத்தம் எப்படிப் போனது? டக்கென்று அறுந்தால் டிப் பக்கம் கோளாறு. ‘உர்’ என்ற இரைச்சலோடு போனால் எர்த். கரகரவென்று கிழிந்து, தேய்ந்து, அப்புறம் ‘டொப்’பென்று திரும்பினால் பெரும்பாலும் ரிங், அதாவது பேட்டரி விட்டு விட்டுப் போகிறது.

செக்காலை கிட்டார்:
மூன்றாவது நீங்கள் சொன்னதுதான்! கிழிந்து தேய்ந்துதான் போனது. பழைய ஜாக்கைக் கடையில் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். இப்போது அதில் பின்னைச் செருகி, ரிங் காலுக்கும் எர்த் காலுக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். நேராக இருந்தால் பீப் கேட்கிறது, பின்னைக் கீழ்ப்பக்கம் சாய்த்தால் நின்றுபோகிறது. வேறு கேபிளிலும் அப்படியே.

கண்டனூர் சால்டர்:
பேரலின் லட்சணம் அதுதான்.

பள்ளத்தூர் பேஸ்:
தேய்ந்த பேரலின் லட்சணம் என்று சொல்லுங்கள். புதியதைப் போட்டு, வயரை ஸ்ட்ராப்புக்குள் ஒரு சுற்று விட்டுச் செருகினால் இழுவிசை பின்னுக்கே போகாது.

செக்காலை கிட்டார்:
பின்னைப் பிடித்து வைத்துக்கொள்ளும் நியூட்ரிக் லாக்கிங் ஜாக் ஒன்றைப் பார்த்தேன். அது?

தேவகோட்டை மைக்செட்:
கோயில் மேடையில் வேண்டவே வேண்டாம். குழந்தைகள், பூமாலை தூக்கி வருகிறவர், பொன்னாடை போர்த்த வருகிறவர், எல்லாரும் வயர் மேல்தான் நடப்பார்கள். யாராவது இடறினால் பின் உருவிக்கொண்டு வரட்டும், கிட்டாரும் சேர்ந்து வரக் கூடாது. பி-38 மரை குட்டை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஜாக்கை மெல்லிய உலோகத் தகட்டில் வைத்த கிட்டாருக்கு அது போதும் என்பதை விட மாட்டேன்.

செக்காலை கிட்டார்:
சரி, 152பி. மரத்தைக் குடைய மனசு வரவில்லை. பார்சல் வரும்வரை என்ன செய்ய?

பள்ளத்தூர் பேஸ்:
வாசித்து முடித்ததும் பேட்டரி கிளிப்பைக் கழற்றி வையுங்கள். ஜாக் வந்ததும் எது டிப், எது ரிங் என்று படத்தை நம்பாமல் மீட்டரில் பார்த்துக்கொண்டு வயரை வையுங்கள். கறுப்பு வயர் ரிங்குக்கு, சிக்னல் டிப்புக்கு, மீதி எர்த். பேரலில் ஈயம் வைப்பதையும் சட்டென்று முடியுங்கள். நட்டை முறுக்கும்போது ஜாக் சேர்ந்து சுற்றினால் உள்ளே வயர் முறுக்கி அறும், உள்பக்கம் பல் வாஷர் போட மறக்க வேண்டாம்.

கண்டனூர் சால்டர்:
இரண்டாக வாங்குங்கள். அடுத்த முறை இதுவும் தளரும், அப்போது குடைவதைப் பற்றிப் பேசுவோம்.

தேவகோட்டை மைக்செட்:
கேபிள் வாங்கினால் இரண்டு பக்கமும் மோனோ பின்னாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்டீரியோ பின்னைச் செருகினால் ரிங்கும் எர்த்தும் சேராது, பேட்டரி இருந்தும் கிட்டார் ஊமை. அப்புறம் என் மிக்சரைத்தான் திட்டுவீர்கள்.