வடிகட்டி, வடிப்பான், கிளர்ச்சி: என் வாக்கு எதற்கு

எல்லோருக்கும் வணக்கம். ஒளிரும் சாயம் ஏற்றிக் கிருமி பார்க்கும் மைக்ரோஸ்கோப்பின் பாகங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் பட்டியலைப் பற்றித்தான் இது.

ஆங்கில filter-க்கு வடிகட்டி என்று நல்ல சொல் இருக்கும்போது வடிப்பான் எதற்கு என்று புதுச்சேரி ஐயா கேட்டிருந்தார். பட்ட கதையைச் சொல்கிறேன். கடலூரில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில், காசநோய்க்குச் சளி பார்க்கும் மைக்ரோஸ்கோப் பக்கத்துச் சுவரில், "நீலமாகத் தெரிந்தால் வடிகட்டியைப் பார்க்கவும்" என்று நானே தமிழில் எழுதி ஒட்டியிருந்தேன். பயிற்சிக்கு வந்த தம்பிக்கு ஒருநாள் முழுக்க நீலமாகத் தெரிந்திருக்கிறது. நேரே போய், ஆரமின் என்கிற அந்த ஒளிரும் சாயத்தை வடிகட்டும் புனலில் தாளை மாற்றி, சாயத்தை மறுபடி வடிகட்டி, புது ஸ்லைடு போட்டு அரை மணி நேரம் கழித்துக் கொண்டுவந்தான். அதே நீலம். நான் வடிகட்டி என்று எழுதியது கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே நின்று நீலத்தை மறிக்க வேண்டிய கண்ணாடிச் சட்டத்தை; அது பாதி வெளியே நின்றிருந்தது, அவ்வளவுதான். அவன்மேல் தப்பே இல்லை, ஒரே அறையில் இரண்டு பொருளுக்கு ஒரே பெயர் வைத்தது நான்தான்.

அதனால் திரவத்துக்கு வடிகட்டி, ஒளிக்கு வடிப்பான் என்று பிரித்துவிடலாம். மின்னணுவியல்காரர்கள் ஏற்கெனவே வடிப்பான் என்றுதான் எழுதுகிறார்கள். 'சலிப்பான்' என்று ஒருவர் போட்டிருந்தார், படிக்கிற பிள்ளை சலித்துக்கொள்ளும். தவிர, சல்லடையில் சின்னது விழும், பெரியது நிற்கும். இங்கே நேர்மாறு: கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வடிப்பான் நீண்ட அலையை (மஞ்சளை) விட்டுக் குட்டை அலையை (நீலத்தை) நிறுத்துகிறது.

இனி உண்மையான சிக்கல். வடிப்பான் இரண்டு. விளக்கிலிருந்து வரும் ஒளியில் 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலத்தை மட்டும் ஸ்லைடுக்கு அனுப்புவது ஒன்று. சாயம் ஏறிய கிருமி அந்த நீலத்தை வாங்கிக்கொண்டு 500க்கு மேல் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். அதை மட்டும் கண்ணுக்கு விட்டு, திரும்பி வரும் நீலத்தை மறிப்பது மற்றொன்று. கிருமியின் ஒளி அந்த நீலத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை, மறிக்காவிட்டால் மூழ்கிப்போகும். 1852இல் ஸ்டோக்ஸ் என்கிற இயற்பியலாளர் இப்படி ஒளிர்வதைக் காட்டியபோது முதல் வடிப்பானாக தேவாலய ஜன்னலின் நீலக் கண்ணாடியையும், இரண்டாவதாக ஒரு கோப்பை மஞ்சள் ஒயினையும் வைத்தார், நடுவில் கொயினா கரைசல். (இரண்டாவது வடிப்பானைப் புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.)

முதலாவதற்கு (ஆங்கிலத்தில் excitation filter) பட்டியலில் 'கிளர்ச்சி வடிப்பான்' என்று இருக்கிறது. கேட்டால் போலீஸ் வைக்கும் தடுப்பு மாதிரி இல்லையா? 'தூண்டல் வடிப்பான்' என்றால் மின்காந்தத் தூண்டலோடு மோதும். 'கிளரொளி' அழகுதான், ஆனால் அது தானே கிளர்கிற ஒளி, நமக்கு வேண்டியது இன்னொன்றைக் கிளர்த்துகிற ஒளி. 'கிளர்த்தொளி' என்று திருத்தினால் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது.

என் பரிந்துரை ஏவொளி. ஏவுகணையை எல்லோரும் சொல்கிறோம், அதே ஏவு. அனுப்புவது, வேலை வாங்குவது, இரண்டு பொருளும் அதில் இருக்கிறது, நீல ஒளி செய்வதும் அந்த இரண்டும்தான். அப்புறம் திரும்பி வருவது உமிழொளி. ஏவொளி வடிப்பான், உமிழொளி வடிப்பான். இரண்டாவதற்கு 'தடுப்பு வடிப்பான்' வேண்டாம் என்பேன், எல்லா வடிப்பானும் எதையோ தடுக்கத்தான் செய்கிறது. முன் வடிப்பான், பின் வடிப்பான் என்றும் சொல்லலாம்தான், ஆனால் எதற்கு முன் என்று அந்தத் தம்பியே கேட்பான்.

நடுவில் சாய்வாக நிற்கும் ஆடிக்குத்தான் (dichroic mirror) எனக்குப் பெயர் பிடிபடவில்லை. நீலத்தைக் கீழே திருப்பிவிட்டு மஞ்சளை மேலே விடும் அது. 'இருநிற ஆடி' என்றால் ஆடியே இரண்டு நிறமாக இருக்கும் என்று நினைப்பார்கள். 'பிரியாடி' என்று எழுதிப் பார்த்தேன், உரக்கப் படித்தால் பிரியா என்கிற பெண்ணை யாரோ அதட்டுவது போல இருக்கிறது, போதாததற்குப் பிரியாத ஆடி என்று நேர் எதிர்ப்பொருளும் வருகிறது. இப்போதைக்கு 'நிறம்பிரி ஆடி' என்று வைத்திருக்கிறேன். இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை சுவர்ச் சீட்டை மாற்றி எழுத வேண்டும்.