கொலுசு அசையக் கூடாது, வெளிச்சம்தான் அசையணும்

கொலுசு விளம்பரம் செய்பவர்:
சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைகளுக்கு ஒரே கொலுசுப் படத்தை வச்சு 5 விநாடி ரீல்ஸ் செய்யும்போது பலர் செய்யும் தப்பு, நிற்கும் படத்தை அசைய வைக்கிற மோஷன்லீப் மாதிரி ஆப்பில் அம்புக்குறி போட்டு வெள்ளியையே ஓட விடுறது. வெள்ளி பாதரசமா வழியும், சலங்கை இழுபடும். நிஜத்தில் அசையறது அதன்மேல் விழும் வெளிச்சம் மட்டும்தான்.

கேமராவை முக்காலியில் பூட்டி, ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூணையும் மேனுவலில் வைங்க. கொலுசைத் தொடாம, சின்ன எல்இடி விளக்கை மட்டும் இடமிருந்து வலமா நகர்த்தி 8 படம் எடுங்க. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருளில் அடுக்கி, ஒவ்வொன்றும் அடுத்ததில் 6 ஃபிரேமில் கரையட்டும். போய்த் திரும்ப 14 முறை கரைந்தால் 84 ஃபிரேம். விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில், மீதி 41 ஃபிரேம் முதல் படத்திலேயே நின்றால் சரியா 5 விநாடி. திரும்பத் திரும்ப ஓடினாலும் ஒட்டு தெரியாது.

கடைக்காரர் பழைய படம் ஒண்ணுதான் தர்றாரா? படத்தில் ஏற்கெனவே பளிச்சுனு இருக்கும் பகுதியை மட்டும் மாஸ்க் ஆக்கி (அதாவது மத்த இடத்தை மறைச்சு), அதற்குள் ஒரு வெள்ளைப் பட்டையை ஸ்கிரீன் மோடில் (கறுப்பு மறைஞ்சு வெளிச்சம் மட்டும் கூடும் முறை) மெதுவா நகர்த்துங்க. நிழல் விழுந்த இடத்தில் பட்டை ஏறினா பிளாஸ்டிக் மாதிரி ஆயிடும்.

ஏஐ வீடியோவில் இன்னொரு ஆபத்து: ஃபிரேமுக்கு ஃபிரேம் சலங்கை கூடும், குறையும், திருகு காணாமப் போகும். கடையில் இல்லாத டிசைனைக் காட்டுறது வாங்குறவங்களை ஏமாத்துறதுதான். பின்னணி மட்டும் ஏஐயில் எடுத்து, அசல் கொலுசை வெட்டி மேலே அசையாத லேயரா வைங்க.

ஏற்காட்டு ரிசார்ட் படங்கள் செய்பவர்:
இங்கே பனிமூட்டத்துக்கும் அதே நியாயம்தாங்க. மலை நிக்கணும், பனி போகணும். முன்னால் சில்வர் ஓக், நடுவில் காபிச் செடி, பின்னால் மலைன்னு மூணு லேயர். பனி மலைக்கு முன்னாலும் மரத்துக்குப் பின்னாலும் போகணும்; மரத்துக்கும் மேலே ஏறினா லென்ஸில் அழுக்கு படிஞ்ச மாதிரி இருக்கும். சில்வர் ஓக் இலை சீப்பு மாதிரி பிரிஞ்சிருக்கும், வெட்டும்போது இடுக்கில் பழைய வானம் ஒட்டிக்கும். அதனால் மரத்தை நகர்த்தவே வேண்டாம்.

ஒட்டு தெரியாம திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்கு: 5 விநாடிப் பனி வீடியோவை நடுவில் வெட்டி, பின்பாதியை முன்னே போட்டு, சேரும் இடத்தில் 1 விநாடி மேலேற்றிக் கரையுங்க. 4 விநாடி லூப் கிடைக்கும். ஜிஃப் ஆக்காதீங்க; ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான், பனி பட்டை பட்டையா உடையும். எம்பி4-லும் உடைஞ்சா லேசா கிரெய்ன் (பொடிப்புள்ளி) தூவுங்க.

டவரா டம்ளர் காபிக்கு, கறுப்புத் துணி முன்னால் எடுத்த நிஜ ஆவியை ஸ்கிரீன் மோடில் போட்டா போதும். ஆவி காபியின் மேற்பரப்பில் இருந்து கிளம்பணும், டம்ளர் விளிம்பில் இருந்து இல்ல.

எல்இடி போர்டு போடுபவர்:
சேலம் ஐந்து ரோடு மாதிரி இடத்தில் போர்டுக்குப் போகுதுன்னா முதல்ல பிட்ச், அதாவது விளக்குப் புள்ளிகளுக்கு இடையிலான தூரம், எவ்வளவுன்னு கேளுங்க. பி10-ல் புள்ளிக்குப் புள்ளி 10 மி.மீ. 20 அடி அகலத்துக்குச் சுமார் 610 பிக்சல்தான். 1080 பிக்சல் அகல ரீல்ஸில் 10 பிக்சல் இருந்த சலங்கை அங்கே 6 பிக்சலுக்கும் கீழே போயிடும், மினுக்கே தெரியாது. முழுக் கொலுசு வேண்டாம், நாலு சலங்கையை மட்டும் நெருக்கமா வெட்டி, போர்டின் பிக்சல் அளவிலேயே ஃபைல் செய்யுங்க.