நீட் மட்டும் ஏன் டெல்லி கையில்?

என் மகள் பிளஸ் டூ, அரசுப் பள்ளி. "பள்ளியை நடத்துவது மாநில அரசு, நீட் மட்டும் ஏன் மத்திய அரசு?" என்று நேற்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. யாராவது விளக்குங்களேன்.

பதில் 1:
கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு, அதாவது மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்றக்கூடிய பட்டியலுக்கு, கொண்டுபோனது. அதில் மத்திய, மாநிலச் சட்டங்கள் மோதினால் நாடாளுமன்றச் சட்டமே செல்லும். அதனால்தான் நீட் டெல்லி கையில். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால் மட்டும் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் நிற்கும். பிரிவு 254-ஐ மகளிடம் காட்டுங்கள்.

பதில் 2:
அந்த ஒப்புதலில்தான் சிக்கலே. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுச் சட்டத்துக்குச் சில நாளில் கிடைத்தது. அதே ஆண்டு அனுப்பிய நீட் விலக்கு மசோதாக்களுக்குக் கிடைக்கவில்லை.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அப்போ கல்வி திரும்ப மாநிலப் பட்டியலுக்கு வரவே வராதா?

பதில் 1:
வரலாம். அதற்கும் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும்.