பழைய ஆம்ப், ஸ்பீக்கர், டர்ன்டேபிள் சரிசெய்து விற்றால் கையில் ஏதாவது நிற்குமா?

வால்வுவெளிச்சம்:

வணக்கம். பகலில் மேசை வேலை, ராத்திரியானால் ஏதாவது ஒரு பழைய செட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவது என் பழக்கம். ஒரு மராண்ட்ஸ் 2270 ரிசீவரைத் தேற்றி வீட்டில் ஓடவிட்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் சிலருடைய டர்ன்டேபிளையும் (இசைத்தட்டு ஓடும் பெட்டி) பார்த்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது வீட்டில், இவ்வளவு நேரம் இதில் போகிறதே, நாலு காசு வந்தால் என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

ஓடாத செட்டை வாங்கிச் சரிசெய்து விற்பது நல்லதா, அடுத்தவர் செட்டைக் கூலிக்குப் பார்த்துக் கொடுப்பது நல்லதா? எதில் தொடங்கலாம்? விற்பதற்கு முன் எல்லா கெப்பாசிட்டரையும் மாற்றியே ஆகவேண்டும் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள், அது உண்மையா? என்னிடம் மல்டிமீட்டர், நல்ல சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் பம்ப் இருக்கின்றன, ஆஸிலாஸ்கோப் (சிக்னலை அலையாகத் திரையில் காட்டும் கருவி) இல்லை, அது இல்லாமல் முடியுமா? வேலையை விடும் எண்ணமெல்லாம் கிடையாது. இந்தப் பொழுதுபோக்கு தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டு, மேலே கொஞ்சம் நின்றால் போதும்.

காந்தமும்காகிதமும்:

நிற்கும். ஆனால் எவ்வளவு நிற்கும் என்பது வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. "ஓடவில்லை, மற்றபடி புதுசு மாதிரி இருக்கிறது" என்று யாராவது சொன்னால் முதலில் முகப்புத் தகடு, நாப், மீட்டர் கண்ணாடி, மரப்பெட்டி இவற்றைத்தான் பார்ப்பேன், உள்ளே என்ன போயிருக்கிறது என்பது அப்புறம். டிரான்சிஸ்டரும் கெப்பாசிட்டரும் எங்கிருந்தாவது வந்துவிடும். அதே மாடலுக்கான நாப் ஒன்று தேடிப் பாருங்கள், அது செட்டின் விலையில் ஒரு பங்கைக் கேட்கும். டிரான்ஸ்ஃபார்மர் கருகின வாடை வந்தால் திரும்பி நடந்துவிடுங்கள். எஸ்டிகே வகை அவுட்புட் ஐசி (ஸ்பீக்கரை ஓட்டும் பகுதி முழுக்க ஒரே சில்லில் அடங்கியது) வைத்த ஆம்ப்பும் வேண்டாம், பழைய எண்கள் பல உற்பத்தியிலேயே இல்லை, சந்தையில் கிடைப்பதில் போலி அதிகம்.

தொடங்குவதற்கு என் ஓட்டு ஸ்பீக்கருக்கு. 1970, 80களில் வந்த ஏராளமான ஸ்பீக்கர்களில் கோனைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமால் ஆனது. பாட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது காலப்போக்கில் மட்கும், விரல் பட்டால் பொடியாக உதிரும். ரப்பர், துணி வளையங்களுக்கு இந்தக் கதி இல்லை. வீட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டுவார், தடதடவென்று அடிக்கும், ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று நினைத்து வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். கோன், அதை ஆட்டும் வாய்ஸ் காயில் (கம்பிச் சுருள்), காந்தம் மூன்றும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஏஆர், அட்வென்ட் போன்ற கம்பெனி ஸ்பீக்கர்கள் இப்படித்தான் மலிவாகக் கைக்கு வருகின்றன, ஃபோம் கிட் ஒன்றும் பெரிய செலவில்லை.

வேலையில் பொறுமை மட்டும் வேண்டும். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தொட்டு, கோன் கிழியாமல் எடுப்பதற்கே பாதிப் பொழுது போய்விடும். முதலில் உள்விளிம்பைக் கோனில் ஒட்டி நன்றாகக் காயவிடுங்கள், அதற்குப் பிறகுதான் வெளிவிளிம்பு. வெளிவிளிம்பு ஒட்டும்போது காயில் நடுவில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் காந்த இடுக்கில் உரசும். சிலர் நடுமூடியைக் கழற்றி மெல்லிய தகடு சொருகி நிறுத்துவார்கள். நான் 30 ஹெர்ட்ஸ் டோனை மெதுவாக ஓடவிட்டு, பசை பிடிப்பதற்குள் கோனை அப்படியும் இப்படியும் நகர்த்தி, உரசல் கேட்காத இடத்தில் விட்டுவிடுவேன். பெட்டியில் போடும் முன் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள்: பிளஸ்ஸுக்குப் பிளஸ் தொட்டால் கோன் வெளியே வரவேண்டும். பழைய ஜேபிஎல் மட்டும் இதற்கு நேர் எதிர், உள்ளே போகும், பயந்துவிடாதீர்கள். அப்புறம், ஒரு ஸ்பீக்கரின் ஃபோம் மட்டும் போயிருந்தாலும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

சீரிஸ்லேம்ப்:

ஆம்ப் பக்கம் போவதானால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நீண்ட நாள் கிடந்த செட்டை நேரே கரண்டில் செருகக்கூடாது. பழைய குண்டு பல்பு, 60 அல்லது 100 வாட், செட்டுக்குத் தொடராக மாட்டுங்கள் (எல்இடி பல்பு இதற்கு உதவாது). போட்டவுடன் பளிச்சென்று எரிந்து அடுத்த நொடியில் மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே அணையுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த செட் 100 வோல்ட்டுக்கானது, பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் செருகினால் கதை முடிந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும்; ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் சுழியைப் பார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிக்கும் வீரமெல்லாம் வேண்டாம். வால்வு ஆம்ப்பில் 400 வோல்ட்டுக்கு மேலும் இருக்கும், உங்கள் பெயரைப் பார்த்தால் அங்கேதான் கண் போகும் போலிருக்கிறது, அதைக் கொஞ்ச காலம் தள்ளிப் போடுங்கள்.

எல்லா கெப்பாசிட்டரையும் மாற்றுவது பற்றி: எனக்கு அதில் உடன்பாடில்லை. பழுது எங்கே என்று தெரியாமல் நூறு கால்களைக் கழற்றி மாட்டினால், பழைய பழுதோடு புதிதாக இரண்டு சேரும், போர்டின் செம்புத் தடமும் பிய்ந்து வரும். இஎஸ்ஆர் மீட்டர் (கெப்பாசிட்டரின் உள் தடையை அளப்பது) ஒன்று வாங்குங்கள், மோசமானதை அது காட்டிக்கொடுக்கும். கேள்வியே கேட்காமல் மாற்றவேண்டியது மெயின்ஸ் பக்கம் உள்ள பழைய காகித கெப்பாசிட்டர். ரெவாக்ஸ் ஏ77 டேப் ரெக்கார்டர் போன்றவற்றில் ரீஃபா என்று மஞ்சளாகக் கண்ணாடி மாதிரி இருக்குமே அது. மேலே விரிசல் விட்டு, ஈரம் இறங்கி, ஒருநாள் அறை முழுக்கப் புகையைக் கக்கும். அந்த இடத்தில் எக்ஸ்2 (மெயின்ஸுக்கான பாதுகாப்பு வகை) என்று அச்சிட்டதையே போடவேண்டும். போர்டில் பழுப்பாக இறுகிய பசை இருந்தால் சுரண்டி எடுங்கள், வயதானால் அது மின்சாரத்தையும் கடத்தும், கால்களையும் அரிக்கும்.

வால்யூமைச் சுழிக்குக் கொண்டுபோன பிறகும் படபடவென்று இரைச்சல் வருகிறதா, பழுது வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால். அந்தக் காலத்து 2எஸ்ஏ726, 2எஸ்சி458 டிரான்சிஸ்டர்கள் இதற்குப் பேர்போனவை. மாற்றுப் பொருள் போடும்போது கால் வரிசையை டேட்டாஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் குறைவாக வைத்தால் ஒரு பக்கம் காணாமல் போய், கூட்டினால் டப்பென்று திரும்பி வருகிறதா, அனேகமாக ஸ்பீக்கர் ரிலேயின் (ஸ்பீக்கரை இணைத்து விடுவிக்கும் மின்சுவிட்ச்) காண்டாக்ட் கறுத்திருக்கும்.

விற்கும் முன் ஸ்பீக்கரை மாட்டாமல் அவுட்புட்டில் டிசி (நேர்மின் வோல்ட்டேஜ்) பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் நின்றால், வாங்கினவருடைய ஸ்பீக்கரின் வாய்ஸ் காயிலை நீங்கள் எரித்ததாக ஆகும். பயாஸும் (பாட்டில்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு கரண்ட்) செட் சூடான பிறகு சர்வீஸ் மேனுவலில் சொன்ன மில்லிவோல்ட்டுக்கு வைக்கவேண்டும். ஹைஃபை எஞ்சின் தளத்தில் ஏராளமான மேனுவல்கள் கிடைக்கின்றன.

இன்னொன்று, இதுதான் உண்மையில் காசு. "சத்தமே வரவில்லை" என்று தள்ளிவிடும் ரிசீவர்களில் சிலவற்றில் டேப் மானிட்டர் பட்டன் (டேப் ரெக்கார்டரிலிருந்து வருவதை மட்டும் கேட்கவிடுவது) உள்ளே அமுங்கியிருக்கும், அல்லது பின்பக்கம் ப்ரீ அவுட்டையும் மெயின் இன்னையும் இணைக்கும் சின்னக் கம்பியை யாரோ தொலைத்திருப்பார்கள். வாங்கும் இடத்திலேயே இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள். பார்த்ததை வாயைத் திறந்து சொல்வதா என்பது உங்கள் மனசாட்சி.

தேய்ந்தஊசி:

எல்லோரும் உற்சாகமாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். நேரத்தைக் கணக்கில் எழுதுங்கள். பிரித்தது, கழுவியது, பாகத்துக்காகக் காத்தது, விளம்பரம் எழுதியது, "கடைசி விலை என்ன" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்குப் பதில் சொன்னது எல்லாம் சேர்த்து. அப்படி வகுத்துப் பார்த்தால் மணிக்கு வருவது பலருக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். பிடித்ததால் செய்கிறேன், காசு உபரி என்பவர்தான் இதில் தாக்குப்பிடிக்கிறார்.

கேசட் டெக் பக்கம் போகவே போகாதீர்கள் என்பேன், குறைந்தது முதல் வருஷம். பெல்ட் உருகித் தார் மாதிரி புல்லியெல்லாம் ஒட்டியிருக்கும், அதைத் துடைக்க ஒரு மாலை. பெல்ட் போட்டால் பிஞ்ச் ரோலர் இறுகிப்போயிருக்கும், அதையும் போட்டால் கியரில் பல் உடைந்திருக்கும், எல்லாம் முடிந்தால் ஸ்பீட் அசையும். 1982இல் வந்த நாகமிச்சி டிராகன் மாதிரி ஒன்று விலைக்குத் தகுந்த உழைப்பு என்று சொல்லலாம், ஆனால் அதன் உள்ளே கை வைக்க உங்களுக்கும் எனக்கும் இன்னும் நாளாகும்.

டர்ன்டேபிள் பரவாயில்லை. டெக்னிக்ஸ் எஸ்எல் 1200 குடும்பம் 1972 முதல் இருக்கிறது, டைரக்ட் டிரைவ், பெல்ட் தொல்லை இல்லை, பாகமும் கிடைக்கும். டூயல் கம்பெனியின் பழைய ஆட்டோமேட்டிக்கில் ஊசியைத் தாங்கும் டோன்ஆர்ம் பாதி வழியில் நின்றால், பெரும்பாலும் உள்ளே கிரீஸ் பிசினாகியிருக்கும். பிரித்துத் துடைத்துப் புது எண்ணெய் வைத்தாலே பிழைத்துக்கொள்ளும். ஆனால் வேறு நாட்டிலிருந்து வந்ததானால் வோல்ட்டேஜோடு ஹெர்ட்ஸையும் பாருங்கள். சிங்க்ரனஸ் மோட்டார் (மெயின்ஸ் ஹெர்ட்ஸைப் பொறுத்து வேகம் அமைவது) வைத்த மாடல் 60க்குச் செய்ததை 50இல் ஓட்டினால் பாட்டு இழுத்துக்கொண்டு கிடக்கும், புல்லி மாற்றவேண்டும்.

கூலி வேலையைப் பற்றி. முதல் போடவேண்டாம் என்பது வசதிதான். ஆனால் நீங்கள் ரிலேயை மாற்றிக் கொடுப்பீர்கள், அடுத்த மாதம் டியூனர் விளக்கு அணையும், "நீங்கள் தொட்ட பிறகுதான்" என்று போன் வரும். வாங்கும்போதே எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று எழுதி, படம் எடுத்து, அவருக்கும் அனுப்பிவிடுங்கள். பார்த்துச் சொல்வதற்கே ஒரு கட்டணம், அதை முன்னாலேயே வாங்குங்கள். சரிசெய்ய முடியாது என்று கண்டுபிடிப்பதற்கும் அதே உழைப்புத்தான் போகிறது. சொந்தக்காரர்கள் விஷயத்தில் இதெல்லாம் நடக்காது, அவர்களுக்கு இலவசமாகவே செய்துவிடுங்கள், நிம்மதி.

வால்வுவெளிச்சம்:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. ஒரு டெக் மலிவாக வருகிறது என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன், தேய்ந்தஊசி அண்ணன் புண்ணியத்தில் விட்டுவிட்டேன். விற்கும்போது என்ன எழுதுவது? வெறும் "சர்வீஸ் செய்தது" என்று போட்டால் போதுமா?

காந்தமும்காகிதமும்:

அந்த வார்த்தையை இப்போது யாரும் நம்புவதில்லை, தூசி தட்டியவரும் அதைத்தான் எழுதுகிறார். எந்த எண் பாகத்தை எதற்காக மாற்றினீர்கள், டிசி எவ்வளவு நிற்கிறது, எது இன்னும் சரியில்லை, எல்லாவற்றையும் எழுதுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு செட்டோடு கொடுங்கள், கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கீறலைப் படத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஓடும் வீடியோவில் வால்யூமைச் சுழியிலிருந்து மெதுவாகத் திருப்பிக் காட்டினால், கரகரப்பு இல்லை என்பது கேட்பவருக்கே தெரிந்துவிடும்.

முடிந்தவரை நேரில் வந்து எடுத்துப் போகிறவருக்கே விற்கலாம். அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால் டர்ன்டேபிளில் பிளேட்டர் (சுழலும் தட்டு), கவுன்டர்வெயிட் (டோன்ஆர்மின் பின்பக்க எடை), ஹெட்ஷெல் (ஊசி மாட்டும் முனை) மூன்றையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி, டோன்ஆர்மைக் கட்டி, மூடியைத் தனியாக வையுங்கள். பிளேட்டரை மேலேயே விட்டு அனுப்பினால் பேரிங்கும் மூடியும் சேர்ந்து போகும். பெரிய ரிசீவரில் கனமெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் இருப்பதால், ஒரு மூலையில் விழுந்தாலே சேஸிஸ் கோணிக்கொள்ளும். பெட்டிக்குள் பெட்டி, நடுவில் நாலு பக்கமும் கெட்டி ஃபோம்.

தேறாத செட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நாப், மீட்டர், முகப்பு, நல்ல டிரான்ஸ்ஃபார்மர் என்று பிரித்து விற்றால், சில மாடல்களில் முழுசாகச் சரிசெய்து விற்பதைவிட அதிகமாகவே வரும். எனக்கு இது மனசுக்குப் பிடிக்காத வேலை, ஆனால் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

சீரிஸ்லேம்ப்:

ஆஸிலாஸ்கோப் கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை. ஸ்பீக்கருக்கும் டர்ன்டேபிளுக்கும் தேவையில்லை, முதல் லாபத்தில் வாங்கிக்கொள்ளலாம். அதுவரை ஒரே ஒரு கட்டுப்பாடு: எஃப்எம் டியூனர் போர்டில் உள்ள காயில்களையும் டிரிம்மர்களையும் திருகாதீர்கள். சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாது.

வால்வுவெளிச்சம்:

சரி, திருகமாட்டேன். அட்வென்ட் ஜோடி ஒன்று பேசிமுடித்தாயிற்று, ஃபோம் இரண்டிலும் தூளாகக் கிடக்கிறது. கிட் வாங்க எந்த அளவை எடுப்பது?

காந்தமும்காகிதமும்:

ஸ்பீக்கரின் இஞ்ச் அளவைச் சொல்லி வாங்காதீர்கள். கோனின் வெளி விட்டம், ஃபோம் மேடு தொடங்கும் விட்டம், சட்டத்தில் அது படியும் தட்டையான இடத்தின் வெளி விட்டம், மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து அனுப்புங்கள். அட்வென்டில் மேசனைட் (அழுத்திய மரநார் பலகை) வளையத்தில் பொருத்திய ஊஃபரும் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) உண்டு, முழு உலோகச் சட்டம் வைத்ததும் உண்டு, இரண்டுக்கும் ஒரே ஃபோம் ஒத்துவராது. எது உங்களுடையது என்று பின்பக்கம் கழற்றிப் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.