திருகோணமலைக்குப் பிள்ளைகளோடு குடிவந்திருக்கிறீர்களா? சனி, ஞாயிறு எங்கே போகலாம்

வந்து இரண்டு வாரம் ஆகிறது, பிள்ளைகள் வீட்டுக்குள் போனும் கையுமாகக் கிடக்கிறார்கள், வெளியே கூட்டிப் போகலாமென்றால் நமக்கு வெளிநாட்டுக்காரர் டிக்கெட்டாம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இங்கே வருகிற குடும்பங்கள் எல்லாமே இதைத்தான் சொல்கின்றன. ஐந்து வருஷத்துக்கு முன் ஈரோட்டிலிருந்து, ஏழு வயதுப் பெண்ணையும் நாலு வயதுப் பையனையும் இழுத்துக்கொண்டு வந்து இறங்கியபோது நானும் இதைத்தான் சொன்னேன். கையில் காசு குறைவு, தெரிந்த முகம் ஒன்றும் இல்லை.

முதலில் ஒன்று. ஊரைச் சுற்றிக் காட்டிவிட வேண்டுமென்று அவசரப்படாதீர்கள். மூன்று இடங்களைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போங்கள். பார்க்க வந்தவர்களுக்குப் பத்து இடம் வேண்டியிருக்கும். இருக்க வந்த பிள்ளைக்கு, போனதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிற மாதிரி ஓர் இடம் பழகிவிட்டால் போதும்.

எங்களுக்கு அப்படி முதலில் அமைந்தது கோட்டையும் அதற்குள் மலைமேல் இருக்கும் கோணேசர் கோயிலும். கட்டணம் கிடையாது. காலையில் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், இல்லையென்றால் நாலரை மணிக்கு மேல் போங்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள். அதைவிட, வெறுங்காலோடு நடக்கிற இடத்தில் தரை அடுப்பாகச் சுடும், சின்னப் பிள்ளைகளை இடுப்பில்தான் தூக்க வேண்டிவரும். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் பாடிய தலம் இது. 1622ல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கோட்டை கட்ட எடுத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் நான் சொல்லத் தொடங்கினால் பையன் கொட்டாவி விடுவான். அதனால் கோட்டை வாசலில் "மீன் எங்கே இருக்கிறது, கண்டுபிடி" என்று விட்டுவிடுவேன். தமிழ் எழுத்தும் மீனும் செதுக்கிய பழைய கல் ஒன்று அங்கே பதிந்திருக்கிறது. தானே கண்டுபிடித்த பிறகு அவனே கேட்டான், கோட்டைக்குள் தமிழ் எப்படி வந்தது என்று. கதையை அன்றைக்குத்தான் சொன்னேன், முழுதாகக் கேட்டான்.

உள்ளே மான்கள் திரியும், ஊருக்குள்ளும் வரும். பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆனால் பிஸ்கட் பொட்டலத்தையோ பொலித்தீன் பையையோ அங்கே போட்டுவிட்டு வராதீர்கள், அவை அதையும் சேர்த்துத் தின்றுவிடும். இதை உங்கள் பிள்ளைகளுக்கு முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். மலை உச்சியில் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு, கீழே கடல். பக்கத்திலேயே, பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் குட்டிக் குட்டித் தொட்டில்களாகக் கட்டிவிட்டுப் போன மரம். என் பெண் ஒவ்வொரு முறையும் அந்தத் தொட்டில்களை எண்ணுவாள். அதிர்ஷ்டம் இருந்தால் மே, ஜூனில் தூரக் கடலில் திமிங்கிலம் நீர் பீய்ச்சுவதை இங்கிருந்தே பார்க்கலாம். எங்களுக்கு ஐந்து வருஷத்தில் ஒரே முறைதான் கிடைத்தது, அன்று இருட்டும்வரை யாரும் கீழே இறங்கவில்லை.

அடுத்தது கடற்கரை. இதில் ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். வந்த வருஷம் டிசம்பரில், மழை விட்டிருக்கிறதே என்று ஊரை ஒட்டிய டச்பே கரைக்குப் போனோம். நாங்கள் கடலே இல்லாத ஊர்க்காரர்கள், கடல் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் என்ற நினைப்பு. முழங்கால் தண்ணீரில் நின்ற பெண்ணை ஓர் அலை அடித்துப் புரட்டிவிட்டது. நான் அலறியதுதான் மிச்சம். கரையில் வலை காய்ந்த இடத்தில் இருந்த ஓர் ஆச்சி வந்துதான் அவள் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு எனக்கு விழுந்தது பேச்சு. "இது வாடைக் கடல் பிள்ளை. சோழகம் துவங்கினாப் பிறகு கூட்டிக்கொண்டு வா."

அந்த ஒரு வரியில் இந்த ஊரின் காலண்டரே இருக்கிறது. சுமாராக அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். அந்த மாதங்களில் கரையில் மணல் வீடு கட்டலாம், காற்றாடி விடலாம், தண்ணீருக்குள் வேண்டாம். சோழகக் காற்று வீசுகிற மே முதல் செப்டம்பர் வரை கடல் குளம் போலக் கிடக்கும். அப்போது ஊருக்கு வடக்கே உள்ள உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகள் பிள்ளைகளுக்கு நல்லது. நிலாவெளி பஸ்ஸில் ஏறிக் கடற்கரைக்குப் போகிற ஒழுங்கை (சந்து) வாசலில் இறங்கிவிடலாம், ஓட்டோவுக்குக் கொடுக்கிற காசு மிச்சம். விடுதிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம், கடற்கரை எல்லோருக்கும் பொது. எந்தக் காலத்திலும், கரையில் நிற்கிற மீனவரிடம் "இன்றைக்குப் பிள்ளைகளை இறக்கலாமா அண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நான் இன்னும் கேட்கிறேன்.

சாயங்காலம் டச்பேயில் இறால் வடை வண்டிகள் நிற்கும். வடையின் மேல் முழு இறால் தலையோடு உட்கார்ந்திருக்கும். என் பையன் முதல் நாள் பயந்து அழுதான், இப்போது இறாலைக் கடைசிக்கு என்று பத்திரமாக ஒதுக்கிவைத்துச் சாப்பிடுகிறான். செலவு என்றால் எங்களுக்கு அவ்வளவுதான், ஆளுக்கு ஒரு வடை. தண்ணீர் வீட்டிலிருந்து.

மூன்றாவது கன்னியா வெந்நீர்க் கிணறுகள். அனுராதபுரம் வீதியில் ஏழெட்டுக் கிலோமீற்றர், சந்தியில் பஸ்ஸை விட்டிறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். சின்னதாக ஒரு டிக்கெட் உண்டு. தாயின் ஈமக்கிரியைக்காக இராவணன் தரையில் குத்தி உண்டாக்கியவை என்பது இங்கே எல்லா வீட்டிலும் சொல்லும் கதை. ஏழு கிணறுகள், சின்னச் சின்னச் சதுரத் தொட்டிகள் மாதிரி, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு. உள்ளே இறங்குவதில்லை, வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்வதுதான். எங்கள் வீட்டில் இது ஒரு விளையாட்டு. புறங்கையில் ஒவ்வொரு கிணற்று நீரையும் விட்டுப் பார்த்து, ஆறியதிலிருந்து சூடானது வரை வரிசைப்படுத்த வேண்டும். அக்காவும் தம்பியும் ஒருமுறைகூட ஒத்துப்போனதில்லை, திரும்பி வரும் பஸ்ஸிலும் சண்டை தொடரும். விடியற்காலையில் போனால் கூட்டமில்லை. மாற்றுத்துணியும் துவாயும் மறக்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பஸ் பிடித்துக் கிண்ணியா போய்வருவதே ஓர் அரைநாள் உலா. 2009ல் பாலம் திறக்கும்வரை அங்கே போகக் கடலைப் படகில்தான் கடக்க வேண்டும். பாலம் 396 மீற்றர் நீளம், ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பிள்ளைகள் வாய் மூடாது. திரும்பும்போது சட்டித் தயிர் வாங்கி வரலாம். நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டம் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு. 1942 ஏப்ரல் 9ல் ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டதைச் சொல்லிவிட்டு, கல்லில் எழுதியிருக்கிற வயதுகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஓட விடாதீர்கள்.

நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாத்தீவு அழகுதான், ஆனால் படகுக் கூலியும் வெளிநாட்டவர் கட்டணமும் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்குக் கை கடிக்கும். வதிவிட விசா இருந்தால் கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுபோய், எந்தக் கட்டணம் என்று கவுன்டரில் கேட்ட பிறகே பணம் கொடுங்கள். வேறு குடும்பத்தோடு சேர்ந்து ஒரே படகில் போவது நல்லது. பவளப்பாறையில் பிள்ளைகள் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.

மாதா மாதம் பௌர்ணமிக்கு இங்கே போயா விடுமுறை. நம் நாட்காட்டிப் பழக்கத்தில் இதை மறந்துவிட்டு நிற்போம், குறித்துவையுங்கள். மே மாத வெசாக்குக்கு, அதாவது புத்த பூர்ணிமைக்கு, இரவில் தெருத் தெருவாகக் காகித விளக்குக் கூடுகள் எரியும், தன்சல் என்கிற தானப் பந்தல்களில் யார் வந்தாலும் சும்மாவே சாப்பாடோ குளிர்பானமோ கொடுப்பார்கள். கூச்சப்படாமல் வரிசையில் நில்லுங்கள்.

பேச்சைப் பற்றியும் ஒன்று. இங்கே வேர்க்கடலைக்குக் கச்சான் என்று பெயர். ஜூன், ஜூலையில் மதியத்தில் சுட்டெரித்து வீசும் மேல்காற்றுக்கும் அதே பெயர். "கச்சான் தொடங்கிட்டுது" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டு, கடலை வாங்கித் தரப்போகிறார்கள் என்று என் பையன் வாசலில் போய் நின்றான். அக்கா உள்ளே போய் ஒரு பேணியில் வறுத்த கச்சானோடு வந்து, "காத்தும் கச்சான், இதுவும் கச்சான்" என்று அவன் இரண்டு கையும் நிறையப் போட்டார். அன்று சாயங்காலம் அவர் பேரனும் எங்களோடு டச்பேக்கு வந்தான்.