மறு: மறு: அனோரெக்சியாவுக்கு ஒரு சொல், வெள்ளிக்குள்

அன்பர்களே, வளரிளம் பெண்களுக்கான துண்டறிக்கை வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அனோரெக்சியா மாதிரி, சாப்பாட்டோடு மல்லுக்கட்டும் மனநோய்களுக்குப் பொதுப்பெயராக 'உணவுக் கோளாறு' என்று எழுதி, பாசி எடுத்துக் கரையேறிய ஓர் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "கெட்டுப்போன மீனத் தின்னா வருமே, அதானே தம்பி?" என்றார். அனோரெக்சியாவுக்கு அகராதியில் 'பசியின்மை' இருக்கிறது. போட்டுவிடலாமா?
— மண்டபம்

போடாதீர்கள். அனோரெக்சியா வந்த பிள்ளைக்குப் பசி இருக்கிறது. எடை கூடிவிடுமோ என்ற பயம்தான் சாப்பிட விடுவதில்லை. 'பசியின்மை' என்று படித்தால் அம்மா நேரே பசி டானிக் வாங்கத்தான் போவார். கிரேக்க மூலத்துக்கும் அதே பொருள்தான். 1870-களில் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயர் வைத்தபோதே நேர்ந்த பிழை, நாமும் ஏன் சுமக்க வேண்டும்?
— ராமநாதபுரம் (மருத்துவர்)

'உண்ணாமை' இருக்க வேறு எதற்கு? பொதுப்பெயருக்கு 'உண்ணற்கோளாறு'. வேற்றுமைப் புணர்ச்சியில் லகரம் றகரமாகும். 'உண்ணல் கோளாறு' என்று விட்டெழுதுவது வெறும் சோம்பல்.
— தொண்டி

ஐயா, வள்ளுவர் 'உண்ணாமை' என்றது புலால் மறுத்தலில். வலை இழுக்கிற ஊரில் அதை நீட்டினால் அடிக்க வருவார்கள். 'உண்ணற்கோளாறு' வாய்விட்டுப் படித்தால் 'உண்ணற்க' என்றே காதில் விழுகிறது. 'உண்ணற்க கள்ளை' என்று வள்ளுவர் கள்ளுக்குச் சொன்னதைச் சோற்றுக்குச் சொல்வதா? அடுத்து யாராவது 'உண்ணாநோன்பு' என்று வருவீர்கள். நோன்பு வைத்தவர் அந்திநேர மஃரிபு பாங்கு கேட்டதும் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துவிடுவார். இந்தப் பிள்ளை எடுக்காது. என் வாக்கு 'உணவு மறுப்பு நோய்'.
— கீழக்கரை

'மறுப்பு' உறுத்துகிறது. ஏற்கெனவே வீட்டில் "அடம் பிடிக்கிறா" என்றுதான் பேச்சு. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சையில், கொஞ்ச காலத்துக்குச் சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோர் கையிலெடுக்கிறார்கள். பிள்ளை வேறு, நோய் வேறு என்று அவர்களுக்குப் புரியவைப்பதுதான் அதில் முக்கியம். பெயரே பிள்ளைமேல் பழி போட்டால்? 'உணவச்ச நோய்' பாருங்கள்.
— ராமநாதபுரம்

அச்சமோ மறுப்போ, இந்த வகையில் இன்னொரு நோயான புலிமியாவுக்கு மட்டும் மணிமேகலைக் காப்பியம் தந்த சொல் இருக்கிறது: யானைத்தீ. அதில் வரும் காயசண்டிகை என்ற பெண்ணுக்குப் பன்னிரண்டு ஆண்டு அடங்காத பசி. புலிமியா என்று கிரேக்கன் சொன்னது 'மாட்டுப்பசி',  நம்மவர் யானையையே கட்டினார்கள். அமுதசுரபி கிடைத்த மணிபல்லவமும் நமக்கு எதிர்க்கரைதான், நயினாதீவு என்பாரும் உண்டு...
— தொண்டி

ஐயா, காயசண்டிகை தின்றதை வாந்தி எடுக்கவில்லையே. 1979-இல் ஜெரால்டு ரசல் புலிமியா நெர்வோசாவைத் தனியே பிரித்ததே, அளவின்றித் தின்பதோடு அதை வெளியேற்றுவதையும் சேர்த்துப் பார்த்துத்தான்.
— ராமநாதபுரம்

அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. மறுப்பு 4, அச்சம் 2, உண்ணாமை 1. 'உணவு மறுப்பு நோய்' என்றே போகிறது. கீழே தடித்த எழுத்தில் 'இது அடம் அல்ல' என்று சேர்த்துவிட்டேன். புலிமியா புலிமியாவாகவே இருக்கட்டும்.
— மண்டபம்

'உணவு மறுப்பு' என்பதில் ஒற்று மிகாது, அந்த மட்டில் தப்பித்தீர்கள். யானைத்தீயை நான் விடுவதாயில்லை.
— தொண்டி