மணல்மேட்டுக் காட்டில் கறுப்பு மண் எப்படி வந்தது?

செல்வி, இசிப்பிங்கோ:
டர்பனுக்கு வடக்கே, உம்லங்காவிலுள்ள ஹவான் காட்டுக்குப் போயிருந்தோம். பழைய மணல்மேட்டில் வளர்ந்த காடாம். ஆனால் சருகை விலக்கினால் கன்னங்கரேல் என்று மண். என் தோட்டமும் மணல்தான்; ஊற்றும் தண்ணீர் நிற்பதே இல்லை, கறிவேப்பிலை வெளிறிக் கிடக்கிறது. அந்த மண்ணில் ஒரு மூட்டை அள்ளி வந்து போட்டால் பிழைக்குமா?

கரும்புக்காரர், டோங்காட்:
அள்ளாதீர்கள் தங்கச்சி, அது பாதுகாக்கப்பட்ட காடு. அள்ளினாலும் வீண். அந்தக் கறுப்பு மேலே மெல்லிய அடுக்குதான். கீழே போகப் போக வெளுத்து வெறும் மணலாகிவிடும்.

குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மேலே முழுச் சருகு. அதற்கடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, ஊடே வெள்ளைப் பூஞ்சை இழை. அதற்கும் கீழே கரிய மக்கு, அதாவது மக்கிப்போன சருகு. மழைக்காலத்தில் சாரி சாரியாகத் திரியும் சொங்கொலோலோ மரவட்டைகள் சருகை மென்று கழிவாகப் போடுகின்றன. மிச்ச வேலை பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும். மணல் தண்ணீரையும் பிடிக்காது, பொட்டாசியம், கால்சியத்தையும் பிடிக்காது. மக்கு இரண்டையும் பிடித்துவைக்கிறது.

நம் வெக்கையிலும் ஈரத்திலும் மக்கு ஓயாமல் சிதைந்து கரியமில வாயுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. காட்டில் இலை விழுந்துகொண்டே இருப்பதால் கணக்கு நேராகிறது. நீங்களோ முற்றத்தைப் பெருக்கிச் சருகைக் குப்பைவண்டியில் ஏற்றிவிடுவீர்கள். மூட்டை மண் எத்தனை நாள் தாங்கும்?

மவுண்ட் எட்ஜ்கோம்பில் 1939-இல் ஒரு கரும்புச் சோதனை வயல் தொடங்கினார்கள். சில பாத்திகளில் சோகையை, அதாவது காய்ந்த கரும்புத் தோகையை, எரித்தார்கள், சிலவற்றில் எரிக்காமல் பரப்பினார்கள். பரப்பிய பாத்திகளில் மக்கு கூடியது, அதுவும் பெரும்பாலும் மேல் 10 சென்டிமீட்டரில். இதை எங்களூரில் சொன்னால், எரிக்காவிட்டால் பாம்பு கடிக்கும் என்பார்கள்!

மாலா, வெருலம்:
அண்ணா, எங்கள் தெருவில் யூகலிப்டஸ் சருகுதான் கிடைக்கிறது. அதைக் கொத்திப் புதைக்கலாமா?

கரும்புக்காரர், டோங்காட்:
புதைக்க வேண்டாம். அதில் நைட்ரஜன் குறைவு. நுண்ணுயிர்கள் பற்றாக்குறைக்கு மண்ணிலுள்ளதை எடுத்துக்கொள்ளும், செடி இன்னும் வெளிறும். மேலே பரப்புங்கள். கூடவே அவரைக்கொடி, முருங்கைத் தழை என்று பச்சையாக எதையாவது கலந்துவிடுங்கள், சீக்கிரம் மக்கும்.

ரிச்சர்ட்ஸ் பே பக்கம் மணல்மேடுகளைத் தோண்டிக் கனிமம் எடுப்பவர்கள் மேல்மண்ணை முதலில் வழித்துத் தனியே வைக்கிறார்கள். வேலை முடிந்ததும் அதையே திரும்பப் பரப்புகிறார்கள். அங்கே முதலில் அடர்ந்து வளர்வது நைட்ரஜன் சேர்க்கும் வேலமரம்.

செல்வி, கறிவேப்பிலைக்கு நாலு விரல் உயரம் சருகு போதும். தண்டை ஒட்டிப் போடாதீர்கள், அழுகிவிடும்.